ரவுட்டரை மாற்றுவதா, வயரை இழுப்பதா?

எங்கள் வீடு ஆரையம்பதியில். வளவு ஒன்று, வீடு இரண்டு. முன்வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. அதில் நானும் மனைவியும் மகளும் இருக்கிறோம். பின்வளவில் மாமாவும் மாமியும் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சின்ன வீடு. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவுக்குள் தள்ளி இருப்பது மட்டக்களப்பில் பழைய வழமை. இப்படி அமைந்த வளவுகள் இங்கே ஏராளம். ஆனால் இணைய இணைப்பு ஒன்றுதான். அது முன்வீட்டு மண்டபத்தில், ஷோகேசுக்குள் இருக்கிற ஃபைபர் ரவுட்டரில் வந்து முடிகிறது.

மைத்துனர் கட்டாரில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை லீவு நாளில் அவர் வீடியோ அழைப்பு எடுப்பார். மாமா போனைக் கையில் பிடித்தபடி வீட்டு வாசலுக்கு வருவார், பிறகு கிணற்றடிக்கு வருவார், கடைசியில் எங்கள் குசினிச் சுவரோடு ஒட்டி நின்றுதான் மகனுடைய முகத்தைப் பார்ப்பார். மழை பெய்தால் அதுவும் இல்லை. அப்படி ஒரு மழை நாளில்தான் கேட்டார்: “மருமகன், இந்தப் பெட்டி பழசாப் போச்சு போல. புதுசு ஒண்டு எடுப்பமா? காசு நான் தாறன்.”

நியாயமான கேள்வி. எழுபது வயது மனிதர் தன் வீட்டுக் கதிரையில் இருந்து மகனோடு கதைக்க ஆசைப்படுகிறார். ஆனால் அவருடைய காசைக் கொண்டுபோய்க் கடையில் கொட்ட முன்னர், இணையம் எந்த இடத்தில் அடைபடுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் இல்லாத காலத்தில் வாய்க்காலை வெட்டி அகலமாக்கிப் பயனில்லை. குளம் நிறைந்திருந்தும் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் வாய்க்காலைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வருகிற லைன் குளம். ரவுட்டர் வீசுகிற வைஃபை வாய்க்கால். கையில் இருக்கிற போன் வயல். புது ரவுட்டர் வாங்கினால் இதில் நடுவில் உள்ள அடைப்பு மட்டும்தான் திறபடும், அதுவும் எல்லா வீட்டிலும் இல்லை.

முதலில் அளந்தேன்

லெப்டொப்பை லான் கேபிளால் ரவுட்டரோடு நேரே இணைத்து வேகம் பார்த்தேன். பகல் பத்து மணிக்கு வினாடிக்கு 93 மெகாபிட். எங்கள் பெக்கேஜின் உச்ச வேகம் 100. இந்தப் பெட்டியில் கேபிள் குத்துகிற லான் போர்ட் 100 மெகாபிட் வகை என்பதால் அதில் நடைமுறையில் 94, 95க்கு மேல் காண முடியாது. இரவு ஒன்பது மணிக்கு, ஊரே படம் பார்க்கிற நேரத்தில், 70. ஆகக் குளம் நிறைந்துதான் இருந்தது.

கேபிளைக் கழற்றிவிட்டு போனில் பார்த்தேன். ரவுட்டருக்குப் பக்கத்தில் 41. மகளின் அறையில் 11. குசினியில் 6. மாமா வீட்டு வாசலில் 1 அல்லது 2. உள்ளே போனால் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. வைஃபை சிக்னலை டெசிபல் கணக்கில் காட்டுகிற இலவச செயலிகள் இருக்கின்றன. அதில் -50 என்றால் நல்ல பலம். -67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். -80 தாண்டினால் பெயருக்கு மட்டும் இணைப்பு இருக்கும். மாமாவின் படுக்கை அறையில் அது -84 காட்டியது.

யாராவது ரவுட்டர் மாற்றுவது பற்றி என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். கேபிளில் வரும் வேகமே குறைவு என்றால் எவ்வளவு விலையான ரவுட்டரும் உதவாது; பெக்கேஜைத்தான் பார்க்க வேண்டும், அல்லது லைனில் கோளாறு என்று முறையிட வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் ஊர்ந்து போகிறது என்றால் ஜிபி முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கும். அதற்கும் ரவுட்டருக்கும் சம்பந்தமே இல்லை. பாதிப் பேருடைய பிரச்சினை இந்த இரண்டுக்குள் முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

காசு செலவில்லாத வழி

எங்கள் ரவுட்டர் ஷோகேசின் கீழ்த்தட்டில், டீவிக்குப் பின்னால், கண்ணாடிக் கதவுக்குள் இருந்தது. லைன் போட வந்தவர்கள் ஜன்னலோரம் கேபிள் உள்ளே நுழைந்த மூலையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அதன் மேல் தூசு படாமல் மாமி தன் கையால் பின்னிய வெள்ளை விரிப்பு. அதைத் தூக்கிப் பார்த்தபோது பெட்டி தோசைக்கல் போலச் சுட்டது. காற்றுப் போகிற துளைகளெல்லாம் பஞ்சு. பின்பக்கச் சுவரின் மறுபுறம் எங்கள் அறைக் கண்ணாடி அலுமாரி நின்றது. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம்; அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். டீவியின் முதுகிலும் உலோகத் தகடுதான். இவ்வளவையும் தாண்டித்தான் எங்கள் வைஃபை பின்வளவுக்குப் போக முயன்றுகொண்டிருந்தது.

ஷோகேசின் மேல்தட்டுக்கு, வெளியே, ஆளுயரத்துக்கு ஏற்றினேன். ஃபைபர் நூலைக் கவனமாகத் தொட வேண்டும். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடித்தால் வெளிச்சம் வெளியே கசியும், இழை முறியவும் செய்யும். பச்சைத் தலை கொண்ட அந்தக் கனெக்டரைக் கழற்றி விரலால் தொடவே கூடாது. மிச்சமாகச் சுருட்டி வைத்திருந்த நீளம் போதுமாக இருந்ததால் கழற்றாமலே நகர்த்த முடிந்தது.

பிறகு சனல். வைஃபை பேசுவது 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைப் பட்டைகளில். எங்கள் பெட்டி ஒற்றைப் பட்டை, 2.4 மட்டும். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் இருக்கிற தனித்தனிப் பாதைதான் சனல். 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டும். எங்கள் மண்டபத்தில் இருந்து பார்த்தால் அயல்வீடுகளின் வைஃபைப் பெயர்கள் 14 தெரிந்தன, பெரும்பாலானவை சனல் 6இல். எங்களுடையதை 11க்கு மாற்றி, பட்டை அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் நிறுத்தினேன். அகலத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்பார்கள். நெருக்கமான ஊரில் அகலம் கூடினால் அயலவரின் சத்தமும் சேர்ந்து உள்ளே வரும்.

மகளின் அறை 11இல் இருந்து 22க்கு ஏறியது. குசினியில் 13. மாமாவின் அறையில் -84 என்றிருந்தது -79 ஆனது. முன்வீட்டுக்கு இதுவே பெரிய மாற்றம். ஒரு தெளிவான வீடியோ வகுப்புக்கு 3, 4 மெகாபிட் போதும்; எச்.டி. படத்துக்கு 5 இருந்தால் சரி. 22 கிடைக்கிற அறையில் மகளின் வகுப்புத் தடைப்படுகிறது என்றால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். ஆனால் பின்வீட்டுக்கு இது தீர்வில்லை.

கடையில் சொன்னதும் பெட்டியில் எழுதியிருந்ததும்

மட்டக்களப்பு நகரில் ஒரு கடைக்குப் போனேன். கடைத் தம்பி ஆறு அன்டெனா நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். “அண்ணா, ஏ.எக்ஸ். 3000. உங்கட வளவு முழுக்க அடிக்கும்.” பெட்டி அழகாகத்தான் இருந்தது. விலை, மாமா மனதில் நினைத்திருந்த காசைப் போல இரண்டு மடங்கு.

அந்த எண்களைப் பற்றி ஒரு சொல். ஏ.சி. என்பது வைஃபை 5 தலைமுறை, ஏ.எக்ஸ். என்பது வைஃபை 6. பக்கத்தில் உள்ள எண் மெகாபிட் வேகம். ஏ.சி. 1200 என்றால் 2.4 பட்டையின் 300ஐயும் 5 பட்டையின் 867ஐயும் கூட்டி உருண்டையாக்கியது. ஏ.எக்ஸ். 1500 என்பது 300உம் 1201உம். ஏ.எக்ஸ். 1800 என்பது 574உம் 1201உம். ஏ.எக்ஸ். 3000இல் 574உம் 2402உம். ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில் இருக்கும், ஆகவே அந்தக் கூட்டுத்தொகை யாருடைய கைக்கும் வராது. 2402 என்பதும் 160 மெகாஹேர்ட்ஸ் அகலத்தைத் தாங்குகிற போன் இருந்தால் மட்டும், அதுவும் ரவுட்டருக்குப் பக்கத்தில். எங்களுக்கு வருகிற லைன் 100. இந்த எண்களில் நான் கவனிப்பது முதல் எண்ணை, அதாவது 2.4 பட்டையின் எண்ணைத்தான். பல ஏ.எக்ஸ். 1500 பெட்டிகளில் 2.4 பட்டை பழைய வைஃபை 4 தரத்திலேயே இருக்கும். தூர அறைக்குப் போவது அந்தப் பட்டை என்பதால், புதுசு வாங்குவதென்றால் 1500க்குப் பதில் 1800 எடுப்பது நல்லது.

தலைமுறைகளையும் சொல்லிவிடுகிறேன். வைஃபை 4 வந்தது 2009இல். வைஃபை 5, 2013இல் வந்தது. 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் இயங்கும். வைஃபை 6க்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது 2019இல். இது இரண்டு பட்டையிலும் இயங்கும், பல கருவிகள் ஒரே நேரத்தில் பேசும்போது நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் விதம் மேம்பட்டது. வைஃபை 7 சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் பெரிய பலன் 6 கிகாஹேர்ட்ஸ் பட்டையில். அதைப் பிடிக்கிற போன் வீட்டில் இல்லாதவர் அதற்காகக் காசு கொடுப்பது வீண்.

அடுத்தது தூரம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர், 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு அதில் பாதி. 5 வேகமானது, அயலவர் தொல்லை குறைவு, ஆனால் ஒவ்வொரு கல் சுவரும் அதை அதிகமாகத் தின்னும். எங்கள் முன்வீட்டில் பின்னாலுள்ள அறையும் குசினியும் பிறகு கட்டியவை. பழைய வெளிச்சுவர் இப்போது வீட்டுக்கு நடுவில் நிற்கிறது, தடித்த சுவர். அதைத் தாண்டி, குசினிச் சுவர் தாண்டி, கிணற்றடித் தகரம் தாண்டி, மாமரத்தைத் தாண்டி, மாமா வீட்டுச் சுவரையும் தாண்டிப் போக 5 கிகாஹேர்ட்ஸால் முடியாது. மரத்தின் இலையில் இருக்கிற ஈரம்கூட அலையை உறிஞ்சும். மழை நாளில் மாமாவுக்கு இன்னும் மோசமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

“அன்டெனா ஆறு இருக்கே தம்பி, அப்ப அது போகாதா?” என்று நானும் கேட்டேன். “போகும் அண்ணா” என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. ரவுட்டரின் குரல் கொஞ்சம் கூடத் தூரம் போகலாம். ஆனால் இணையம் ஒருவழிப் பேச்சில்லை. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால் பாட்டு வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கும் கேட்கும். அந்தக் கரையில் நிற்கிற ஒருவர் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் இங்கே கோயிலடிக்குக் கேட்காது. போன் அந்தக் கரையில் நிற்கிற மனிதர். அதன் அன்டெனா சிறியது, பற்றரியும் சிறியது. அது அனுப்புகிற பதில் ரவுட்டருக்கு வந்து சேராவிட்டால், திரையில் நாலு கோடு நிறைந்திருந்தாலும் அழைப்பு நிற்கும். பெரிய ரவுட்டரை ஒரு மூலையில் வைத்து முழு வளவையும் பிடிக்க நினைப்பது இதனால்தான் சரிவருவதில்லை. குரலை உயர்த்துவதை விட, ஆள் கிட்டப் போக வேண்டும்.

இன்னொன்று, வாங்கிய பிறகே பலருக்குத் தெரியவருகிறது. ஃபைபர் வீட்டில் நிறுவனம் தந்த பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கடை ரவுட்டரைப் போட முடியாது. வெளிச்சத்தை மின் சைகையாக மாற்றுவது அந்தப் பெட்டி. அதன் தொடர் இலக்கம் நிறுவனத்தின் பக்கத்தில் பதிவாகி இருக்கும். புது ரவுட்டர் அதற்குப் பின்னால், லான் கேபிளில்தான் வரும். அப்போது புதியதை ‘அக்செஸ் பொயின்ட்’ முறையில், அதாவது வைஃபையை மட்டும் வீசுகிற பெட்டியாக, வைத்துவிடுவது தலைவலி இல்லாத வழி. பழைய பெட்டியின் வைஃபையை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று குழப்பும். நிறுவனத்திடமே கேட்டு, இரண்டு பட்டை உள்ள புதுப் பெட்டியாக மாற்றித் தருவார்களா என்று விசாரிப்பதும் ஒரு வழி. கடைக்குப் போக முன்னர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேளுங்கள்.

ரிப்பீட்டர், மெஷ்

சிக்னலை வாங்கித் திருப்பி வீசுகிற, சுவரில் குத்துகிற ரிப்பீட்டர் விலை குறைவு, அதனால் எல்லாரும் முதலில் வாங்குவது அதைத்தான். கேட்ட சொல்லை அதே அலையில் திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால் ஒற்றைப் பட்டை ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும். அதைவிட, சிக்னல் செத்த இடத்தில் குத்தினால் செத்த சிக்னலையே பெருக்கித் தரும். பாதி வழியில் வைக்க வேண்டும். எங்களுக்குப் பாதி வழி கிணற்றடி. அங்கே பிளக் பொயின்டும் இல்லை, கூரையும் இல்லை.

மெஷ் நல்ல தொழில்நுட்பம். இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில் சேர்ந்து இயங்கும், போன் நடந்து போகும்போது தானாகக் கை மாறும். ஆனால் பெட்டிகள் தங்களுக்குள் காற்றில் பேசுவதாக இருந்தால் அவற்றுக்கிடையிலும் அதே சுவர்கள்தான். இரண்டுக்கும் நடுவில் கேபிள் போட்டால் மெஷ் அருமையாக வேலை செய்யும். கேபிள் போடுவது என்று முடிவான பிறகு மெஷ் எதற்கு என்ற கேள்வி எங்கள் வளவில் எழுந்தது.

மூன்று வீடு, மூன்று பதில்

இதே நேரத்தில் கல்முனையில் இருக்கிற என் கூட்டாளியும் ரவுட்டர் மாற்ற யோசித்துக்கொண்டிருந்தார். ஒடுங்கிய காணியில் மூன்று மாடிக் கொங்கிறீட் வீடு, நாலு பக்கமும் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். “மச்சான், சல்லி போனாலும் பரவாயில்ல, பிள்ளைகள்ட சண்டை தாங்க ஏலாது” என்றார். அவர் வீட்டில் செயலியைத் திறந்தபோது 2.4 பட்டையில் 30க்கு மேல் பெயர்கள். ஒரு சனலும் வெறுமையாக இல்லை. லைன் 300 மெகாபிட், பெட்டி ஒற்றைப் பட்டை. அவருக்கு ரவுட்டர் மாற்றுவதுதான் சரியான பதில், நான் தயங்காமல் சொன்னேன். 5 கிகாஹேர்ட்ஸுக்குப் போனாலே அந்த நெரிசலில் இருந்து வெளியே வந்துவிடலாம். ஒடுங்கிய வீடு என்பதால் ஒரு மாடிக்குள் சுவர் குறைவு. ஆனால் தளங்களுக்கு நடுவில் கம்பி கட்டிய கொங்கிறீட் இருக்கிறது, அதை 5 தாண்டாது. அதனால் படிக்கட்டு வழியாகக் கேபிள் ஏற்றி, மாடிக்கு ஒன்றாக வைஃபை 6 பெட்டிகள் வைத்தார். போர்ட்டுகள் ஜிகாபிட் தானா என்று பார்த்து வாங்கச் சொன்னேன். 300 மெகாபிட் லைனுக்கு 100 மெகாபிட் போர்ட் உள்ள பெட்டியை வாங்கினால் மூன்றில் இரண்டு பங்கு காசு வீதியில் போகும்.

தங்கச்சி வீடு மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரையில். அங்கே ஃபைபர் இல்லை, சிம் போட்ட 4ஜி ரவுட்டர். “அண்ணா, வைஃபை நிறையக் காட்டுது, ஒண்டும் வருதில்ல” என்றாள். வைஃபை நிறைந்திருந்தது, தொலைபேசிக் கோபுரத்தில் இருந்து வருவதுதான் இல்லை. ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் கோபுரச் சிக்னலைப் பார்த்தால் -112. -100க்குக் கீழே போனாலே பலவீனம். சாமியறைத் தட்டில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் போய் வைத்துப் பார்த்தோம். வயலைப் பார்த்த கிழக்கு ஜன்னலில் -96. வேகம் 3இல் இருந்து 17. செலவு ஒரு மரத்தட்டும் இரண்டு ஆணியும். வைஃபை 6 என்று எழுதிய பெட்டியை அவள் வாங்கியிருந்தால் அந்தக் காசு அப்படியே போயிருக்கும்.

கேபிள்

எங்களுக்கு மிஞ்சியது கேபிள். முன்வீட்டு ரவுட்டரில் இருந்து மாமா வீட்டு மண்டபம் வரை 32 மீற்றர். லான் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும். மறுமுனைக்கு ஒரு பெட்டி வேண்டும். அலுமாரியில் பழைய செப்பு லைன் காலத்து ரவுட்டர் ஒன்று துணியில் சுற்றிக் கிடந்தது. அதை அக்செஸ் பொயின்டாக மாற்ற மூன்று வேலைதான். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன், முன்வீட்டுப் பெட்டி 192.168.1.1 என்பதால். முகவரி பங்கிடும் டி.எச்.சி.பி.யை நிறுத்தினேன். கேபிளை அதன் லான் போர்ட்டில் குத்தினேன். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முன்வீட்டில் உள்ளதையே கொடுத்து, சனலை மட்டும் 1 ஆக்கினேன். அடெப்டர் தொலைந்திருந்தது. வேறொன்றைப் போடும்போது வோல்ட் அதே 12 ஆக இருக்க வேண்டும், அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம்.

கேபிளை வாங்கும்போது கத்தி கொண்டு போனேன். நுனியில் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்தால் முழுக்கச் செப்பா, மேலே செப்புப் பூசிய அலுமினியமா என்று தெரிந்துவிடும். அலுமினியம் என்றால் உள்ளே வெள்ளை தெரியும். கடற்காற்று வீசுகிற எங்கள் ஊரில் அது கெதியில் அரித்து, மூட்டில் முறியும். முதலில் காட்டிய சுருளில் வெள்ளை தெரிந்தது. வேறு சுருள் கேட்டு வாங்கினேன். எங்கள் நிலம் மணல் என்பதால் குழி தோண்டுவது ஒரு காலைப் பொழுது வேலை. பீ.வீ.சி. குழாய்க்குள் கேபிளை விட்டு ஒரு முழம் ஆழத்தில் புதைத்தோம். வெளியே தொங்கவிட்டால் அணில் கடிக்கும், வெயிலில் கேபிளின் மேலுறையும் வெடிக்கும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு, மறைக்கக் கூடாது. ஃபைபர் கண்ணாடி, அது மின்னலைக் கடத்தாது. செப்பு லைன் காலத்தில் ஐப்பசி இடிமுழக்கத்தில் எங்கள் வீதியில் எத்தனையோ ரவுட்டர்கள் கருகின. வீட்டுக்கு வீடு செப்புக் கேபிள் புதைத்தால் அந்தப் பழைய ஆபத்தை நாமே கொஞ்சம் திருப்பி அழைக்கிறோம். பக்கத்தில் மின்னல் விழுந்தாலே கேபிளில் மின் அழுத்தம் பாயலாம். இரண்டு முனையிலும் மின் சைகையை வெளிச்சமாகவும் வெளிச்சத்தை மின் சைகையாகவும் மாற்றுகிற பெட்டி வைத்து நடுவில் ஃபைபர் இழுப்பது பாதுகாப்பானது, செலவு கூடும். மாமி வீட்டில் இருந்தபடியே கவனித்துக்கொள்வார் என்பதால் நாங்கள் செப்பையே போட்டோம். வானம் கறுத்தால் கேபிளையும் பிளக்கையும் கழற்றிவிடுவது மாமியின் பொறுப்பு. யாரும் பகலில் இல்லாத வீடென்றால் நான் ஃபைபரைத்தான் சொல்வேன்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தபோது ரவுட்டருக்கென்று சின்ன யு.பி.எஸ். வாங்கியவர்கள் அதை இன்னும் வைத்திருப்பார்கள். பெட்டி இரண்டானால் யு.பி.எஸ்ஸும் இரண்டு வேண்டும். முன்வீட்டுப் பெட்டி அணைந்தால் பின்வீட்டில் வைஃபை தெரியும், இணையம் இருக்காது. மெஷ் வாங்குகிறவர்களும் இதை நினைக்கட்டும்.

முடிவு

புது ரவுட்டர் இப்போது வாங்கவில்லை. மாமாவின் காசில் செலவானது கேபிள், குழாய், அடெப்டர் மட்டும். அவருடைய படுக்கை அறையில் சிக்னல் -48, வேகம் 38. ஆறு அன்டெனாப் பெட்டி முன்வீட்டில் நின்று இதைத் தந்திருக்க முடியாது.

இரண்டு நிலைமை வந்தால் முன்வீட்டுக்குப் புதுசு வாங்குவேன். ஒன்று, பெக்கேஜை 300க்கு உயர்த்தினால். அப்போது ஒற்றைப் பட்டைப் பெட்டிதான் அடைப்பாக நிற்கும். ஜிகாபிட் போர்ட் உள்ள ஏ.எக்ஸ். 1800 போதும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உள்ளதாகப் பார்த்து எடுப்பேன். இரண்டாவது பாதுகாப்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வைஃபையைக் காக்கிற டபிள்யூ.பி.ஏ. 2 பூட்டு வந்தது 2004இல். அதில் ஒரு பெரிய ஓட்டை 2017இல் கண்டுபிடிக்கப்பட்டு, மென்பொருள் புதுப்பிப்பால் அடைக்கப்பட்டது. டபிள்யூ.பி.ஏ. 3 வந்தது 2018இல். உங்கள் பெட்டியில் அதைவிடப் பழைய டபிள்யூ.ஈ.பி. பூட்டு மட்டும் இருந்தாலோ, பல வருடமாக ஒரு புதுப்பிப்பும் வராமல் இருந்தாலோ, வேகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் அதன் வழியாகத்தான் போய் வருகின்றன. எங்கள் அலுமாரிப் பெட்டி அந்த வகையில் பழையதுதான். அது இணையத்தை நேரே பார்க்காமல் முன்வீட்டுப் பெட்டிக்குப் பின்னால் இருப்பதால் அடுத்த வருடம் வரை விட்டிருக்கிறேன். முதலில் மாறப்போவது அதுதான்.

போன வெள்ளிக்கிழமை மைத்துனர் அழைத்தபோது மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தார். போனைத் தண்ணிச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார். மாமி குசினியில் இருந்து கை துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். வெளியே தூறல். “உம்மட முகம் நல்லா விழுகுது மனே” என்று மாமா சொன்னது எனக்கு முன்வீட்டு விறாந்தை வரை கேட்டது. குழாயின் இரண்டு வாயையும் இன்னும் அடைக்கவில்லை. மாரி தொடங்க முன்னர் சிலிக்கன் வாங்கி அடைத்துவிட வேண்டும்.